லெந்து காலத்து ஏசி

மார்ச் 5, புதன்

இன்று மாலை ஆராதனை முடிந்ததும் பீடத்துக்கு முன் நின்றவர்கள்: குருவானவர் ஞானதுரை ஐயா. குருவானவரை ஐயர் என்பதால் அவர் மனைவி ஹெலனை நாங்கள் ஐயரம்மா என்போம். பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி பொன்மலர் டீச்சர். எங்கள் பக்கத்து வீட்டு டெய்சி அக்கா. சங்கத்தின் பொருளாளராகிய நான், எமிலி. கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை இஸ்ரவேல் அண்ணன் பின்னால் ஃபேன்களை நிறுத்திக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்கவில்லை.

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமாகிய லெந்து தொடங்கிவிட்டது. வழக்கமான உபவாசத்தோடு இந்த வருஷம் பூமிக்காகவும் ஒரு உபவாசம் என்று ஐயா போன ஞாயிறே அறிவித்திருந்தார். பூமியைச் சூடாக்குகிற பழக்கம் ஏதாவது ஒன்றை ஈஸ்டர் வரைக்கும் விட வேண்டுமாம். சபையார் எல்லாரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள். முன்னால் வந்தது நாங்கள்தான்.

ஐயா 'தீர்மானம்' என்றுதான் சொன்னார். பொன்மலர் டீச்சர் விடவில்லை. "தீர்மானம்னா நாளைக்கே மறந்துருவோம் ஐயா. பொருத்தனையாப் பண்ணிருவோம். அப்பத்தான் பயம் இருக்கும்" என்றார். ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்றார். தீர்மானம் நமக்கு நாமே செய்துகொள்வது. பொருத்தனை கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு. கொடுத்துவிட்டு நான் அப்படிச் சொல்லவில்லை, இப்படிச் சொன்னேன் என்று பேச முடியாது.

டீச்சர் வேலை நாட்களில் காரை எடுப்பதில்லை என்றார். டெய்சி அக்கா பிளாஸ்டிக் கவர் வாங்குவதில்லை என்றாள். ஐயரம்மா ஆட்டுக்கறியை விட்டார்கள். நான், "ஈஸ்டர் காலை ஆராதனை வரைக்கும் எங்க வீட்டுல ஏசி ஓடாது. ஏசி ஓடுற இடத்துல நானும் இருக்க மாட்டேன்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிதென்று எனக்கே கேட்டது.

மனதுக்குள் இன்னொன்றும் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

மார்ச் 6, வியாழன்

வீட்டில் இவர்களிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் வாய் மட்டும் பஸ்ஸிலேயே இருக்கிறது.

"ஏட்டி, மக அடுத்த வாரம் வாரா. நெறமாசக்காரி. அவ சம்பளத்துல வாங்கிக் குடுத்த மிஷினு. அத நிறுத்திட்டு அவள எங்க படுக்க வைப்ப, ஃபிரிட்ஜுக்குள்ளயா?"

"பூமி சூடாகுதுன்னு ஐயா சொல்லுதாங்க."

"நான் முப்பது வருசம் இஞ்சினு பக்கத்துல நின்னு டிக்கெட்டு கிழிச்சேன். அந்தச் சூட்டுக்கு எந்த ஐயரும் ஜெபம் பண்ணல."

பூமி சூடாகிறது என்பதெல்லாம் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை என்பது இவர்கள் கட்சி. ஆனால் அறையை விட்டு வெளியே வந்தால் ஃபேனை நிறுத்தாமல் வரமாட்டார்கள். எங்கே போனாலும் சைக்கிள்தான். குளிக்கிற தண்ணீர் முருங்கைக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "துட்டு என்ன மரத்துலயா காய்க்கு?" என்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

பிரசங்கத்தில் ஐயா கடல் மட்டம் ஏறுவதைப் பற்றிச் சொன்னார். கடற்கரை ஊர்களெல்லாம் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் போகுமாம். எனக்கு ஒன்று விளங்கவில்லை. இனித் தண்ணீரால் பூமியை அழிப்பதில்லை என்று வேதத்தில் கடவுள் வானவில்லை வைத்து வாக்குக் கொடுத்தாயிற்றே. பிறகு எப்படிக் கடல் ஊருக்குள் வரும்? வாக்கு மாறுகிறவர் அல்லவே அவர்.

பெங்களூருக்குப் போன் போட்டு மகள் ஷெரினிடம் கேட்டேன். எந்தக் கம்பெனி எவ்வளவு புகை விடுகிறது என்று கணக்கெடுத்து எழுதுகிற வேலை அவளுக்கு. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான்.

"அம்மா, அவரு தண்ணி அனுப்பமாட்டேன்னுதான சொன்னாரு. இது அவரு அனுப்புறது இல்ல. நாம அனுப்புறது."

"அவருக்குத் தெரியாம நாம ஒண்ண அனுப்ப முடியுமாம்மா?"

"உன்கூடப் பேசி ஜெயிக்கிறதுக்குள்ள நான் ஒரு கம்பெனியவே திருத்திருவேன்" என்று சிரித்தாள். மூச்சு வாங்கிற்று. போனை வைத்துவிட்டுப் படு என்றேன்.

மார்ச் 12, புதன்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். நல்ல மிளகாய் காயப்போட்டேன். ஏசிக்குப் பழைய சேலையில் உறை தைத்து மாட்டினேன். மிச்சமிருந்த லேஸையும் ஓரத்தில் வைத்தேன். டெய்சி அக்கா பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வாராகளாட்டி, முக்காடு போட்டு உக்கார வச்சிருக்க?" என்கிறாள். அவள் கையில் மீன் இருந்தது, பிளாஸ்டிக் கவரில். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்தாள். "நான் கவரு வாங்கல எமிலி. மீனுதான் வாங்குனேன். அவனா கவர்ல போட்டுத் தந்தான். வேண்டாம்னா மனுசன் மனசு கஷ்டப்படும்லா" என்றாள்.

இது பொருத்தனையை மீறியதாகுமா ஆகாதா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

மார்ச் 15, சனி

ஷெரின் வந்துவிட்டாள். மருமகன் கிளாட்வின் காரிலேயே கொண்டுவந்து விட்டார். பாளையங்கோட்டை வெயிலில் இறங்கி வீட்டுக்குள் நடப்பதற்குள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. நேராக நடு அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"என்னம்மா இது, ஏசிக்குப் பாவாட கட்டி வச்சிருக்க?"

"ரிப்பேரும்மா."

அப்படித்தான் சொன்னேன். நினைத்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"எப்ப இருந்து? சொல்லவே இல்ல? ஆள வரச்சொன்னீங்களா?"

"சாமான் வரணுமாம்."

கதவருகே நின்ற இவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு, "ஆமா மக்கா, பெரிய ரிப்பேரு. மிஷினுக்கில்ல" என்றார்கள். நல்லவேளை, கிளாட்வின் பெட்டியை எங்கே வைக்க என்று கேட்டதில் அது அமுங்கிவிட்டது.

சாளரத்தில் ஈரத்துணி கட்டினேன். டேபிள் ஃபேனையும் வைத்தேன். நாளையிலிருந்து பால் அரை லிட்டர் கூடுதல்.

மார்ச் 17, திங்கள்

பொய் சொன்னது பாவம். உண்மையைச் சொன்னால் அவள் ஏசியைப் போடுவாள், பொருத்தனை முறியும். இரண்டில் எது பெரிது என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

மார்ச் 20, வியாழன்

தொட்டில் துணிகளைப் பீரோவின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் துவைத்தேன். போன வருஷம் ஜனவரியில் மடித்து வைத்தபடியே இருந்தன. இவர்கள் கொடியில் காயப்போட உதவினார்கள். ஷெரின் அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஐயா சபையாருக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் நம்புவது, மறுபக்கம் செய்வது, இரண்டிலும் பேனாவால் டிக் போட வேண்டும். கூட்டிச் சொல்கிற வேலை எனக்கு. ஆராதனைக்குப் பிறகு கோயில் ஓரத்து அறையில் உட்கார்ந்து கூட்டினேன். நம்புகிற பக்கம் எல்லாருக்கும் நிறைந்திருந்தது. பூமி சூடாகிறது என்று நம்புகிறேன், மனிதர்தான் காரணம் என்று நம்புகிறேன், இப்படி வரிசையாக. செய்கிற பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றும். பொன்மலர் டீச்சர் 'காரைக் குறைத்துவிட்டேன்' என்பதற்கு டிக் போட்டிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அவரைத் தங்கச்சி மகன் தன் காரில் கொண்டுவந்து விடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஐயா கடைசியாக என் தாளை எடுத்தார்.

"எமிலியம்மா, செய்யறது எல்லாத்துக்கும் போட்டிருக்கீங்க. நம்பறதுல ஒண்ணுகூட இல்லையே?"

"தெரியாததுக்கு எப்படிப் போட ஐயா?"

"நம்பாம எப்படிம்மா செய்யறீங்க?"

செய்கிற பக்கத்தில் நான் போட்ட டிக்கெல்லாம் காலங்காலமாகச் செய்வதுதான். பையோடு கடைக்குப் போவேன், குழம்பு மிஞ்சினால் சுண்டவைப்பேன். அதற்கும் பூமிக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரைக்கும் யோசித்ததில்லை. ஏசி விஷயம் வேறு. அதை ஐயாவிடம் அங்கே வைத்துச் சொல்ல முடியாது. "வீட்டுல பிள்ள தனியா இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஐயாவுக்கு என்மேல் வருத்தமா, ஆச்சரியமா, தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

பெண் பிள்ளை. ஆபரேஷன்தான். இருவரும் சுகம். ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்.

நர்ஸ் வராந்தாவுக்கே கொண்டுவந்து என் கையில் தந்தாள். அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் நின்றேன். இவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

ஏசி அறை கேட்டோம், காலியில்லை, ஃபேன் அறைதான் கிடைத்தது. கிளாட்வினுக்குக் கோபம். இது தற்செயலாக நடந்ததில்லை என்று எனக்குப் பட்டது. பிள்ளையையும் தந்து, பொருத்தனையையும் காப்பாற்றித் தந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு. பிள்ளை பால் குடிக்கிறது. ஷெரினுக்குத் தையல் போட்ட இடம் வேர்வையில் எரிகிறது. பனை விசிறியால் வீசினேன். கை மாற்றி மாற்றி வீசினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

என்ன வெயில் இது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. பிள்ளையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. ராகம் போட்டு அழுகிறது, பாலுக்கும் அடங்கவில்லை.

"அம்மா, அந்த ரிப்பேர்காரன் நம்பரக் குடு. நான் பேசுறேன்."

டெய்சி அக்கா காப்பாற்றினாள். "ஏ புள்ள, பச்ச ஒடம்புக்காரி ஏசில படுக்கலாமா? சீதளம் புடிச்சா ஆயுசுக்கும் போவாது. எங்க காலத்துல ஃபேனே கெடையாது, காதுல பஞ்ச வச்சு மூலைல உக்கார வச்சிருந்தாவ."

"உங்க காலத்துல இவ்வளவு வெயிலும் கெடையாது பெரியம்மா."

"அதுவும் சரிதாம்" என்று டெய்சி அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். அவளோடு இதுதான் கஷ்டம், எல்லாருக்கும் ஒத்துக்கொள்வாள்.

வெயில் கூடியிருக்கிறது. அது எனக்கும் தெரிகிறது. ஆனால் ஐயா சொல்கிற மாதிரி என்றால், நான் ஏசியை நிறுத்தி இத்தனை நாள் ஆகிறதே, ஒரு பொட்டாவது குறைந்திருக்க வேண்டாமா? ஷெரினிடம் கேட்டால் சிரிப்பாள். கேட்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கிளாட்வின் நேற்று இரவு பெங்களூரிலிருந்து வந்தார். காலையில் நான் மாவாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை, அத்தைக்கு உதவி என்று நினைத்திருக்கிறார். மெக்கானிக் உறையை அவிழ்த்தான், லேஸைப் பார்த்துச் சிரித்தான். பிளக்கைச் சொருகி ரிமோட்டை அழுத்தினான். அறை முழுக்கக் குளிர்காற்று வந்தது.

"நல்லாத்தான சார் ஓடுது? என்ன கம்ப்ளெயிண்ட்டு?"

நான் மாவுக் கையோடு வாசலில் நின்றேன். உள்ளே கால் வைக்கவில்லை. "நிப்பாட்டுங்க தம்பி. நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. மெக்கானிக் நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தான். கிளாட்வின் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

பொருத்தனையைச் சொன்னேன். பூமிக்காகச் செய்தது என்று சொன்னேன்.

ஷெரின் அழுகிற பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டாள். பிறகு, "நீயா? பூமிக்கா? வானவில்லச் சொல்லி என்கூட வாதாடுன ஆளு நீ. உனக்கு அதுல நம்பிக்கையே கெடையாது" என்றாள்.

"உனக்கு நம்பிக்க இருக்குல்லா. நீதான சொல்லிக் குடுத்த, ஏசி போட்டா கரண்டு, கரண்டுக்குக் கரி..."

"ஆமா. நம்புறேன். ஒவ்வொரு எழுத்தும் நம்புறேன். ஆனாலும் போடுவேன். ஏசி கார்லதான் வந்தேன், எம் பிள்ள அழுதா ஏசியும் போடுவேன். அப்ப நான் போலியா? சரி, போலிதான். எங்க ஆபீஸ் பூராவும் போலிதான், பதினெட்டு டிகிரில உக்காந்து பூமிச் சூட்டப் பத்தி எழுதுறோம். ஆனா நான் யாரயும் வேக வைக்கலம்மா. நீ நம்பாத ஒண்ணுக்காக எம் பிள்ளய வேக வைக்கிற. ரிப்பேருன்னு பொய் வேற."

அவள் சொன்னதில் எதுவும் தப்பில்லை. ஆனால் முழுவதும் சரியுமில்லை. அந்தச் சரியில்லாத துண்டை எடுத்துக் காட்ட என்னால் முடியாது.

கிளாட்வின் திரும்பி வந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. எங்க வீட்டுல எல்லா ரூம்லயும் ஏசி இருக்கு. அம்மாவும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. தையலப் பாத்துட்டு டாக்டர் சரின்னா, நாகர்கோவிலுக்கே கூட்டிட்டுப் போயிரட்டுமா?"

பேறுகாலத்துக்கு வந்த பிள்ளை மாதம்கூடத் திகையாமல் மாமியார் வீட்டுக்குப் போவதா? சாப்பாட்டுக்குக்கூட ஷெரின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிவில் கமிட்டிக்காரர் அறிவிப்பு வாசித்தார். வயதானவர்கள் மயங்கி விழுவதால் கோயிலுக்கு ஏசி போடப்போகிறார்களாம். ஈஸ்டர் காணிக்கை அதற்காம். பெண்கள் சங்கம் முன்னின்று உதவ வேண்டுமாம். சபை கைதட்டிற்று. பொன்மலர் டீச்சர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

வாசலில் ஐயாவைப் பிடித்தேன். "ஐயா, அப்ப என் பொருத்தன?"

ஐயாவுக்கும் சங்கடம்தான். "கமிட்டி முடிவும்மா. முதியவங்கள நினைச்சா எனக்கும் வேற வழி தெரியல. உங்க பொருத்தனை வேற விஷயம்" என்றார். நாளைக்குக் காலநிலை மாநாடு ஒன்றுக்காக மலைக்குப் போகிறாராம். சனிக்கிழமை, குருத்தோலை ஞாயிறுக்கு முன் வந்துவிடுவாராம். "வந்ததும் உக்காந்து பேசுவோம்."

மலை குளிராக இருக்கும். அங்கே ஏசி தேவைப்படாது. அந்த அளவில் சரிதான்.

ஏப்ரல் 7, திங்கள்

இவர்கள் ஏசியைப் போட்டுவிட்டார்கள்.

மத்தியானம் பிள்ளை அழுதுகொண்டேயிருந்தது. பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் உறையை உருவி என் கையில் தந்தார்கள். "பொருத்தன நீ பண்ணுனது. நான் பண்ணல. எனக்கும் உங்க ஐயருக்கும் பேச்சே கெடையாது. பாவம்னா எங்கணக்குல எழுதிக்க."

பிள்ளை கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது. ஷெரினும் தூங்கினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கதவிடுக்கு வழியாக என் பாதத்தில் குளிர் பட்டது. காலை மடக்கிக்கொண்டேன்.

நாகர்கோவில் பேச்சு நின்றிருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

நான் அந்த அறைக்குள் போவதில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்துக் கூப்பிடுவேன், இவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். துணியும் அப்படித்தான். இவர்களுக்குப் பிள்ளைக்குத் துணி கட்டத் தெரியாது, நான் வெளியே நின்று சொல்லிக் கொடுக்கிறேன். "முன்வாசல் வழியா ஏறி பின்வாசல் வழியா எறங்குற மாதிரி கட்டணுமா?" என்கிறார்கள்.

வீட்டில் ஓடக்கூடாது என்றும் சொன்னேன், நான் அங்கே இருக்க மாட்டேன் என்றும் சொன்னேன். முதல் பாதி முறிந்துவிட்டது. முறித்தது நானில்லை. இரண்டாம் பாதி என் கையில் இருக்கிறது. பாதிப் பொருத்தனை என்று ஒன்று உண்டா?

சாயங்காலம் ஷெரின் தானாகவே பிள்ளையை வெளியே கொண்டுவந்தாள். "இந்தா, உன் பேத்தி. ரெண்டு நாளா எட்டி நின்னு பாத்துக்கிட்டிருக்க" என்று மடியில் தந்தாள். கோபம் தீரவில்லை, ஆனாலும் தந்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் தலை வேர்த்தது, சிணுங்கிற்று. அவள் கை நீட்டு முன் நானே தந்துவிட்டேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணுத? உள்ள வந்து உக்காந்தா என்ன ஆயிரும்?" என்று கேட்டாள். இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தண்ணீர் வருகிற நேரம், குடம் வைக்க வேண்டும் என்று எழுந்து போனேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பிள்ளைக்குக் காய்ச்சல். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இத்தனை சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். இரத்தம் எடுத்தார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசியைக் குத்த இடம் தேடினார்கள்.

டாக்டரம்மா, வெக்கையில் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம், ரிசல்ட் வரட்டும் என்றார்கள். டெய்சி அக்கா பார்க்க வந்தாள். சீதளம்தான், ஏசியைப் போட்டதும் வந்ததைப் பார் என்றாள். இவர்கள் வெளியே போய் டீக்கடையில் நின்றார்கள், டீ குடிக்கவில்லை.

நான் வேறொன்று நினைக்கிறேன். மெக்கானிக் போட்டுப் பார்த்ததை விட்டுவிட்டாலும், திங்கட்கிழமை வாக்கு முறிந்தது, வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. ஒரு காய்ச்சலுக்கு இத்தனை காரணம் எப்படி இருக்க முடியும்? எல்லாரும் அவரவர் நம்புகிறதையே அந்தப் பிள்ளையின் உடம்பில் பார்க்கிறோம். வெக்கைதான் என்றால் அது என்னால். ஏசி என்றால் இவர்களால். மற்றதென்றால்... அது எப்படிப் பார்த்தாலும் என்னிடமே வருகிறது.

ஐயாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

மத்தியானம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காய்ச்சல் குறைந்திருக்கிறது, போகவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் வார்டு முழுவதும் ஏசி. கண்ணாடிக் கதவு. ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், நேற்றிலிருந்து ஷெரின்தான் இருக்கிறாள். கிளாட்வின் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டார், சாயங்காலம்தான் வந்து சேருவார். இவர்கள் மருந்து வாங்கப் போயிருக்கிறார்கள்.

சற்று முன் ஷெரின் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நீ வந்து பிள்ளயப் பிடி. கீழ போட்டா அழுதா. தையல் இழுக்கு, என்னால உக்கார முடியல. கொஞ்ச நேரம் வெளிய படுத்துக்கிடுதேன்."

"அப்பா வந்துருவாவ மக்கா."

"பொம்பளையத்தான் உள்ள விடுவாங்க. வாம்மா."

நர்ஸ் பின்னாலிருந்து, "கதவ மூடுங்க, குளிர் போகுது. யாரும்மா உள்ள வாரது, நீங்களா? செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க" என்று சத்தம் போட்டாள். நான், "ஒரு போன் பண்ணிட்டு வாரேன்" என்றேன். ஷெரின் என்னைப் பார்த்தாள். கதவை மூடிக்கொண்டாள். கண்ணாடி வழியாகத் தெரிகிறது, நின்றபடியே பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டுகிறாள்.

ஐயா போனை எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். அனுப்பியதை அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்:

"ஐயாவுக்கு எமிலியின் ஸ்தோத்திரம். மாநாட்டில் இருப்பீர்கள், மன்னிக்கவும். பீடத்துக்கு முன் நான் பண்ணின பொருத்தனை பூமிக்காக அல்ல. போன வருஷம் ஜனவரியில் என் மகளுக்கு ஆறாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். இந்த முறை உயிரோடு தாரும், ஈஸ்டர் வரைக்கும் ஏசிச் சுகம் எனக்கு வேண்டாம் என்று உள்ளுக்குள் சொன்னேன். தந்துவிட்டார். வீட்டில் ஏசி ஓடிவிட்டது, இப்போது பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஏசி வார்டில் இருக்கிறது. மகள் நிற்க முடியாமல் நிற்கிறாள், உள்ளே வந்து பிள்ளையைப் பிடி என்கிறாள். நான் உள்ளே போனால் தந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா? பூமி சூடாகிறதா, அது யாரால் என்பதையெல்லாம் பிறகு வந்து கேட்டுக்கொள்கிறேன். இதை மட்டும் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். பதிலைச் சீக்கிரம் அனுப்புங்கள்."